உங்க கை வேலையில இன்னைக்கு என்ன மிச்சம் இருக்கு?

தூரிகைக்காரன் | செவ்வாய், இரவு 9.20

வணக்கம். இங்க படிக்கிறதோட சரி, இதுவரைக்கும் எழுதுனது இல்ல. பேரன்தான் கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தான். நான் பேசப் பேச போன் எழுதிக்கிருது. பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

நான் பேனர் ஆர்டிஸ்ட். 1968-ல 13 வயசுல பிரஷ் கழுவப் போனேன். 2003 வரைக்கும் மதுரை தியேட்டர்களுக்குப் பேனரும் கட்-அவுட்டும் கையால வரைஞ்சேன். பெறகு கொஞ்ச நாள் பள்ளிக்கூடச் சுவர்ல திருவள்ளுவர், கட்சிச் சின்னம். அப்புறம் அதுவும் இல்ல.

பேரன் காலேஜுல ஏதோ ப்ராஜெக்டாம். "தாத்தா, நீங்க வரைஞ்சதுல நல்லதா பத்து போட்டோ குடுங்க"ன்னான். டிரங்குப் பெட்டியக் கவுத்துப் பாத்தாச்சு. ரெண்டு பிரஷ், ஒரு இஞ்சு டேப்பு, கட்டம் போட்ட பழைய சினிமா ஸ்டில் ஒண்ணு. போட்டோ ஒண்ணுகூட இல்ல. 35 வருஷ வேலைய்யா.

எங்க வேலை அப்படி. காடாத்துணிய மரச்சட்டத்துல இழுத்து ஆணி அடிச்சு, வஜ்ரப் பசை காய்ச்சி வெள்ளைப் பவுடர் கலந்து ரெண்டு கை பூசணும். காஞ்சதும் சாக்பீஸ் தூள் தடவுன கயித்தச் சுண்டி அடிக்கு அடி கட்டம். கம்பெனி அனுப்புற ஸ்டில்லு மேலயும் மையில அரை இஞ்சுக் கட்டம். ஸ்டில்லுல எந்தக் கட்டத்துல மூக்கு நுனி இருக்கோ, துணியிலயும் அதே கட்டத்துல மூக்கு நுனி. இருபதடி முகத்துக்குக் கிட்ட நின்னா கண்ணு கண்ணாத் தெரியாது, கருப்பா ஒரு குட்டை மாதிரித்தான் இருக்கும். ரோட்டத் தாண்டி எதிர்த்த டீக்கடையில நின்னு திரும்பிப் பாத்தாத்தான் அது முகம். ஒரு நாளைக்கு நாப்பது தடவையாவது ரோட்டத் தாண்டுவேன்.

படம் மாறுனா பேனர் இறங்கிரும். அது மேலயே வெள்ளை அடிச்சு அடுத்த படம். ஒரே துணியில ஏழெட்டு முகம் ஒண்ணுக்கு அடியில ஒண்ணாக் கிடக்கும். துணி நைஞ்சு போச்சுன்னா குடிசைக் கூரைக்குப் போயிரும். வைகைக் கரையில ஒரு குடிசை மேல நான் போட்ட சிவாஜி கண்ணு தலைகீழாக் கிடந்துச்சு. ஒரு மழைக்காலம் பூரா அதப் பாத்துக்கிட்டேதான் சைக்கிள்ல போவேன்.

1952-ல திறந்த தங்கம் தியேட்டர், 2,500 சீட்டுக்கு மேல, ஆசியாவுலயே பெருசுன்னு பேரு. அந்த இடம் இப்ப ஜவுளிக்கடை. சிந்தாமணியும் ஜவுளிக்கடை. துணியில வரைஞ்சோம், துணிக்கடையாவே போச்சு.

அதான் கேக்குறேன். இங்க நாடகக்காரங்க, பொம்மை செய்யிறவங்க, தையக்காரங்க எல்லாம் இருக்கீக. உங்க கையால செஞ்சதுல இன்னைக்கு எது மிச்சம்? இனிமே என்ன ஆசை?


சிம்மக்கல் டிசைனர் | செவ்வாய், இரவு 9.48

ஐயா வணக்கம். திட்டாம படிங்க, நான் ஃபிளெக்ஸ் கடை. உங்க வேலையக் காலி பண்ணுன கோஷ்டிதான்.

எங்கிட்ட எல்லாமே மிச்சம் இருக்கு ஐயா, அதான் பிரச்சினையே. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, அண்ணனுக்குப் பொறந்தநாள்னு பன்னெண்டு வருஷ ஃபைலு ரெண்டு ஹார்டு டிஸ்க்ல கிடக்கு. ஒருத்தரும் கேட்டதில்ல, நானும் தொறந்து பாத்ததில்ல. போன வருஷம் ஒரு டிஸ்க் அவுட்டு. ரெக்கவரி பண்ண எட்டாயிரம் கேட்டாய்ங்க. யோசிச்சுப் பாத்தேன், அதுல எட்டாயிரத்துக்குப் பெறுமானமா என்ன இருக்குன்னு ஒண்ணுமே தோணல. அப்படியே விட்டுட்டேன். அன்னைக்குத்தான் கொஞ்சம் பயமா இருந்துச்சு.

நான் செய்யிற பேனரும் மூணு நாளைக்குத்தான். அப்புறம் கார்ப்பரேஷன்காரங்க அவுத்துருவாங்க. இல்லாட்டி எங்கயாச்சும் கோழிக்கூண்டு மேல கிடக்கும்.


நாலரைக் கட்டை | செவ்வாய், இரவு 10.35

பேனர் அண்ணனுக்கு வணக்கம். நான் ஸ்பெஷல் நாடகத்துக்குப் பெட்டி வாசிக்கிறவன். ஆர்மோனியப் பெட்டிதான். வயசு 66. 19 வயசுல மேடை ஏறுனேன்.

உங்களுக்காவது துணின்னு ஒண்ணு இருந்துச்சு. எங்களுக்கு விடிஞ்சா ஒண்ணும் கிடையாது.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. கதாநாயகன் ராஜபார்ட் ஒரு ஊர்லருந்து வருவாரு, நாயகி ஸ்திரீபார்ட் வேற ஊரு, கோமாளி பபூன் இன்னொரு ஊரு. மேக்கப் போடுற இடத்துலதான் "இன்னைக்கு நாரதர் யாரு?"ன்னு தெரியும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் வள்ளி திருமணம் நடக்கும். பேச்சு, பாட்டு, தர்க்கம் எல்லாம் அந்த நிமிசத்துல வர்றது. ஆனா அடிக்கட்டு அந்தக் காலத்து நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டது. அந்தத் தடம் எல்லாருக்கும் தெரியிறதாலதான் முன்னப்பின்னப் பாக்காத நாலு பேரு ஒரு மேடையில நிக்க முடியுது.

ஒரு தடவை மேலூர்ப் பக்கம் நாடகம். வள்ளியும் நாரதரும் தர்க்கத்துல நிக்கிறாங்க. ஸ்திரீபார்ட்டு அந்தம்மா அஞ்சு கட்டைச் சுருதியில பாடுற ஆளு, அன்னைக்குத் தொண்டை கட்டிருச்சு. ஒரு பாட்டு நடுவுல எம் பக்கம் ஒரு பார்வை பாத்துச்சு, அவ்வளவுதான். நான் அரைக் கட்டை இறக்கி, நடுவுல ஒரு விருத்தத்த நானே எடுத்துப் பின்பாட்டாப் பாடி, அது மூச்சு வாங்கிக்கிற வரைக்கும் இழுத்தேன். நாரதருக்கு விஷயம் புரிஞ்சு தர்க்கத்த நீட்டுனாரு. பபூன் கூப்பிடாமலே உள்ள வந்து ரெண்டு சிரிப்பு. ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசிக்கிறல. கீழ சாக்கு விரிச்சு உக்காந்திருந்த ஆயிரம் சனத்துல ஒருத்தருக்கும் தெரியாது. காலையில அந்தம்மா பஸ்ஸ்டாண்டுல எனக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்துச்சு. எங்க வேலையில ஆகச் சிறந்தது அதுதான். அத எப்படிப் போட்டோ எடுப்பீக?

மிச்சம்னா நாடக நோட்டீசு. போட்டோ போட்டு, தேதி, ஊரு, அம்மன் பேரு எல்லாம் இருக்கும். ஒரு பை நெறைய வச்சிருந்தேன். 2020-ல சீசனே இல்லாமப் போன அந்த ரெண்டு வருசத்துல கரையான் தின்னுருச்சு.

ஆசையா? இப்ப நிறைய ஊர்ல பத்து மணிக்கு மேல மைக் கூடாதுங்கிறாங்க, இல்லாட்டி நாடகத்துக்குப் பதிலா ஆடல் பாடல்னு போயிர்றாங்க. முருகன் வேலனா வந்து, வேடனா வந்து, கிழவனா வந்து கல்யாணத்துல முடியிற வரைக்கும் ஒரு வள்ளி திருமணத்த விடிய விடிய இன்னொரு தடவை முழுசா வாசிக்கணும். வேற ஒண்ணும் இல்ல.


ஊமச்சிகுளத்தான் | செவ்வாய், இரவு 10.51

எல்லாம் சரி பெருசுகளா. கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்றேன். கையால வரைஞ்ச பேனருக்கு ஒரு வாரம், நாலு ஆளு கூலி. ஃபிளெக்ஸ் ரெண்டு மணி நேரம், சதுர அடிக்கு இத்தனை ரூவான்னு கணக்கு. எங்க அக்கா மக கல்யாணத்துக்கு நீங்களே போர்டு வைக்கணும்னா எதுக்குப் போவீக? சனங்க ரசனை கெட்டுப்போகல, காசுதான். அழுறதுல அர்த்தம் இல்ல.


தூரிகைக்காரன் | செவ்வாய், இரவு 11.05

தம்பி ஊமச்சிகுளம், நான் அழலப்பா. எம் மகன் கல்யாணத்துக்கே ஃபிளெக்ஸ்தான் வச்சோம். மாப்பிள்ளை மூக்கு நல்லா வந்துச்சு. நான் போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் எடுப்பா வச்சிருப்பேன், அம்புட்டுதான்.

பெட்டிக்காரத் தம்பி எழுதுனதப் பேரன் ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டுனான்.


விளாச்சேரி மகள் | புதன், காலை 6.10

எங்க வீட்டுல அஞ்சு தலைமுறையா மண்ணு வேலை. கொலு பொம்மை, பிள்ளையார், கிறிஸ்துமஸ் வந்தா குடில் செட்டு. எங்க ஊருக்கு எல்லாச் சாமியும் சொந்தம். நவராத்திரிக்கு மீனாட்சி கல்யாணம் செட்டு செஞ்ச அதே கை, டிசம்பருல மாட்டுத் தொழுவம் செய்யும்.

ஆனா நான் சொல்ல வந்தது குதிரை பத்தி. எங்க தாத்தா புரவி செய்யிற வேளார். ஊர்க்காரங்க வந்து பிடிமண், அதாவது ஊரு மண்ணு ஒரு கைப்பிடி, குடுத்தாத்தான் வேலை ஆரம்பிக்கும். தாத்தா தனியா ஒரு கொட்டகை போட்டுக்குவாரு. கண்மாய் மண்ணுல மணலும் உமியும் சேத்து மிதிக்கணும், நாங்க சின்னப் பிள்ளைகதான் மிதிப்போம். முதல்ல நாலு காலு. அது இறுகுன பெறகுதான் வயிறு. ஒரே நாள்ல ஏத்துனா காலு நெளிஞ்சுரும். வயிறு முழுக்க உள்ள வெறும் கூடு. தாத்தா வயித்துக்குள்ள கைய விட்டு உள்பக்கம் தட்டிக்கிட்டே வெளியில இன்னொரு கையால அணைச்சுக் குடுப்பாரு. சத்தத்த வச்சே கனம் சொல்லுவாரு. "இங்க தேங்கா மாதிரி கேக்குது, இன்னும் கொஞ்சம் தட்டணும்"பாரு.

புரவி எடுப்பு அன்னைக்குத்தான் கண் தொறப்பு. ஊரே தோள்ல தூக்கிக்கிட்டுப் போயி அய்யனார் கோயில்ல இறக்கி வைக்கும். அதோட சரி. மழையும் வெயிலும் பட்டு அது தன்னால உதிரும். யாரும் ரிப்பேர் பாக்க மாட்டாங்க. அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை. ஒரு தடவை பழைய குதிரைக எல்லாம் காலு இல்லாம, தலை இல்லாமக் கிடந்ததப் பாத்து நான் அழுதுட்டேன். தாத்தா சிரிச்சாரு. "அது ஒடஞ்சாத்தானடி உங்கப்பனுக்கு வேலை"ன்னாரு.

அதனால மிச்சம் இல்லாதது எங்களுக்குக் கொறையாவே தெரியாது ஐயா. மண்ணு எடுக்க அனுமதி வாங்க அலையிறதுதான் கொறை. கண்மாய் நெறைய மண்ணு கிடக்கு, மனு குடுத்துட்டு நாங்க காத்துக் கிடக்கோம்.

என் ஆசை: நான் பி.காம். படிச்சேன், ஒரு கடையில கணக்கு எழுதுறேன். சாயந்தரம் பொம்மைக்குக் கலர் அடிக்கிறேன். பொம்பளப் பிள்ளை புரவி செய்யிற வழக்கம் இல்லைன்னு தாத்தா காலத்துலயே சொல்லிட்டாங்க. பன்னெண்டு அடிக் குதிரை ஒண்ணு, காலுல இருந்து காது வரைக்கும் நானே செய்யணும்.


வடக்காவணி வாசகி | புதன், காலை 9.30

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் எதையும் படைக்கிறவள் இல்லை. முப்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள். இருந்தாலும் விளாச்சேரிப் பெண் எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது.

2023-இல் கீழடி அருங்காட்சியகம் திறந்த புதிதில் போயிருந்தேன். பானை ஓட்டில் 'ஆதன்', 'குவிரன்' என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர்கள். கூட்டம் அங்கேதான் நிற்கிறது. எழுத்தின் நடை ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. அதனால் பானையை வைத்திருந்தவர்களே கீறியிருக்கலாம் என்று தொல்லியல் துறை அறிக்கையில் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் வாங்கியவன் பெயர் இருக்கிறது, வனைந்தவன் பெயர் இல்லை. ஆனால் ஓட்டின் உள்பக்கத்தை உற்றுப் பார்த்தால் சக்கரத்தில் விரல் ஓடிய வரி தெரிகிறது. நான் அதற்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். காவலர் வந்து "நகருங்கம்மா" என்றார்.

பெட்டிக்காரர் ஐயாவுக்கு: சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் நம் மதுரையில்தான் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யைத் தொடங்கினார். பின்னாளில் பேர்பெற்ற நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் பயின்றவர்கள். 1922-இல் சுவாமிகள் மறைந்தார். நூறு வருடம் தாண்டியும் நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு அவர் போட்ட தடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறீர்கள். விடிந்தால் ஒன்றும் கிடையாது என்று நீங்கள் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.


நாலரைக் கட்டை | புதன், காலை 10.02

டீச்சரம்மா, நீங்க சொல்றது சரிதான். ஆனா சாமிகளுக்கு மிச்சம் இருக்குங்கிறதும் எனக்கு மிச்சம் இருக்குங்கிறதும் வேற வேற. அவரு பாட்டு எழுதி வச்சாரு. நான் எழுதல, வாசிச்சேன்.

இன்னொண்ணும் சொல்லிப்புடுறேன், சங்கடமாத்தான் இருக்கு. எம் மக நல்லாப் பாடும். மேடைக்கு அனுப்பல. நர்சிங் படிக்க வச்சேன். ஸ்திரீபார்ட்டு போடுற பொம்பளைகள ஊருக்குள்ள எப்படிப் பேசுவாய்ங்கன்னு கூடவே இருந்து பாத்தவன் நான். நாடகம் அழியுதுன்னு பேசுறவங்க கூட்டத்துல நானும் உக்காந்து கை தட்டுறேன், ஆனா எம் பிள்ளையக் குடுக்கல. அந்தக் கணக்கையும் சேத்துத்தான் பாக்கணும்.


ஊமச்சிகுளத்தான் | புதன், காலை 10.20

இது பேச்சு.


ஊசிநூல் | புதன், பகல் 1.15

சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன், சுருக்கமா.

நாங்க மீனாட்சி கோயிலுக்கு எதிர்த்தாப்புல இருக்கிற புது மண்டபத்துல மூணு தலைமுறையாத் தச்சவங்க. திருமலை நாயக்கர் கட்டுன தூணுக்கு நடுவுல மிசின் போட்டு உக்காந்திருப்போம். முதுகுப் பக்கம் கல்லு யாழி, முன்னாடி தையல் மிசின். இப்ப கடைகள எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. மண்டபத்துக்கு அது நல்லதுதான், நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா பழைய இடத்துல கண்ண மூடிக்கிட்டுக் கத்திரிக்கோல எடுப்பேன், இங்க இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.

சித்திரைக்கு அழகர் வேசம் கட்டுறவங்களுக்குத் தலைக்கு உருமா, இடுப்புக்குச் சல்லடம், தண்ணி பீய்ச்சுறவங்களுக்கு உடுப்பு. ஒரு ஆளு வருசா வருசம் வருவாரு, இடுப்புச் சுத்தளவு கூடிக்கிட்டே போகும். போன சித்திரைக்கு அவரு வரல. அவரு மகன் வந்தான், அப்பா உடுப்பைப் பிடிச்சுத் தரச் சொல்லி. பிரிச்சுப் பாத்தா உள்ள எங்கப்பா போட்ட தையல், அதுக்கு மேல நான் போட்டது. எங்கப்பா தையல் நெருக்கமா இருக்கும், இஞ்சுக்கு ரெண்டு ஓட்டை கூட. நான் பிரிச்ச எடத்துல அத மட்டும் பிரிக்காம விட்டுட்டு மத்ததச் சரி பண்ணிக் குடுத்தேன். அவனுக்கு லேசா லூசாத்தான் இருந்திருக்கும்.


அலங்கை பறை | புதன், மாலை 4.40

நாங்க இளசுகளும் இருக்கோம்ணே. பறை அடிக்கிறேன், பகல்ல டூவீலர் மெக்கானிக். எங்க அலங்காநல்லூரு பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல பத்மஸ்ரீ குடுத்தப்போ ஊரே ஆடுச்சு. எங்கப்பாவுக்கு மட்டும் பறையத் தொட்டாலே கோவம் வரும். அவரு காலத்துல சாவுக்குக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லி, தெருவுக்கு வெளிய நிக்க வச்சுக் காசத் தூக்கி எறிஞ்சவங்க இருந்தாங்க. இப்ப நான் காலேஜு மேடையில அடிக்கிறப்போ முன் வரிசையில உக்காந்து பாக்குறாரு. கை தட்ட மாட்டாரு, ஆனா கால் ஆடும்.

பென்சனப் பத்தி யாரும் பேசலயே? நலிந்த கலைஞர்னு மாசம் 3,000 ரூவா வருது, எங்க ஆளுக பாதிப் பேருக்கு மனு எப்படிப் போடுறதுன்னே தெரியல. பேனர் ஐயா போட்டிருக்கீகளா?


தூரிகைக்காரன் | புதன், மாலை 6.00

தம்பி, போடல. மனுவோட கலைச் சேவைக்கு ஆதாரம் கேப்பாங்கல்ல? போட்டோ இருந்தாத்தானே ஆதாரம். சுத்திச் சுத்தி அங்கயேதான் வருது.


ஊமச்சிகுளத்தான் | புதன், மாலை 6.12

மாவட்டக் கலை மன்ற விருது வரிசையப் பாத்திருக்கீகளா? 18 வயசு வரைக்கும் கலை இளமணி, 35 வரைக்கும் கலை வளர்மணி, 50 வரைக்கும் கலைச்சுடர்மணி, 65 வரைக்கும் கலைநன்மணி, அதுக்கு மேல கலைமுதுமணி. நம்ம ஐயா எல்லா ஸ்டாப்பிங்கையும் தாண்டி டெர்மினஸ்ல நிக்கிறாரு. அதுக்காவது மனு போடுங்க.

கிண்டல் பண்ணல. எங்க மாமா ஆபீஸ் நடைமுறை தெரிஞ்சவரு. வேணும்னா தனிச் செய்தி அனுப்புங்க, பாரம் நான் எழுதித் தர்றேன்.


சிம்மக்கல் டிசைனர் | புதன், இரவு 8.25

ஐயா, என் ஆசையச் சொல்ல மறந்துட்டேன். தமிழ்ல ஃபாண்ட் செய்யணும். இப்ப ஃபிளெக்ஸ்ல போடுற எழுத்தெல்லாம் ஒரே மூஞ்சி. அந்தக் காலத்துப் போர்டு எழுத்து, நிழல் விழுந்து, வயிறு தடிச்சு, வால் மெலிஞ்சு இருக்குமே, அந்த மாதிரி ஒரு செட்டு. 247 எழுத்தையும் நீங்க பெரிய தாள்ல எழுதிக் குடுத்தா ஸ்கேன் பண்ணி நான் கோடு இழுத்துக்குவேன்.


தூரிகைக்காரன் | புதன், இரவு 9.10

247-ஆ? என் சர்வீஸ்ல 'ஙௌ' எழுத ஒரு நாளும் வாய்ப்பு வந்ததில்லையே தம்பி.

நிசத்தச் சொல்லணும்னா நான் எழுத்துக்கு ஆளு இல்ல. நான் முகம். எங்கூட ஒரு லெட்டரிங் ஆளு இருந்தான். பேரு வேணாம். 1970-ல இருந்து ரெண்டு பேரும் ஜோடி. நான் மூஞ்சி போடுவேன், அவன் டைட்டில் எழுதுவான். ஸ்கேல் வைக்க மாட்டான், கட்டம் போட மாட்டான். சுண்டு விரலத் துணியில ஊனிக்கிட்டு மூச்ச நிறுத்தி ஒரே இழுப்பு. 'ழ' எழுதும்போது மட்டும் நாக்கக் கடிச்சுக்குவான்.

1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வந்துச்சு பாருங்க, அதுவரைக்கும் ணை, லை, ளை, னை எல்லாம் முன்னால தும்பிக்கை போட்டு ஒரே எழுத்தா எழுதுவோம். அப்புறம் இப்ப எழுதுற மாதிரி தனியாக் கொம்பு போடணும்னு ஆயிருச்சு. எல்லாரும் மாறிட்டாய்ங்க. அவன் மட்டும் சொந்தமாப் பிடிச்ச கடைப் போர்டுல பழைய மாதிரியேதான் எழுதுவான். கேட்டா, "எடம் மிச்சம்ண்டா. ரெண்டு எழுத்து எடத்துல ஒண்ணு போதும், கடைக்காரன் பேரப் பெருசாப் போடலாம்"பான். வாத்தியாருக விடுவாகளா, ஒருத்தர் நின்னு திட்டிட்டே போனாரு. இவன் பிரஷ்ஷ எடுக்கவே இல்ல.

1987-ல சண்டை. பேனர் மூலையில எம் பேரு மட்டும்தான் போடுவாங்க, 'ஆர்ட்ஸ்'னு சேத்து. அவன் பேரும் வரணும்னான். சின்னதாப் போட்டுக்கன்னுருக்கலாம். நான், "எழுத்துக்கு எவன்டா பேரு போடுவான்"ன்னுட்டேன். டீக்கடையில நாலு பேரு முன்னால. பிரஷ்ஷ டப்பாவுல போட்டுட்டு எந்திரிச்சவன், "ஒன் மூஞ்சிய வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அழிப்பாய்ங்க. எந் தகரம் முப்பது வருசம் நிக்கும்டா"ன்னு சொல்லிட்டுப் போனான். அதோட பேச்சுவார்த்தை இல்ல. 2011-ல அவன் செத்தப்போ போனேன். வாசல்ல ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் இருந்துச்சு. அதுல அவன் பேருல ஒரு எழுத்து விட்டுப் போயிருந்துச்சு.


சிம்மக்கல் டிசைனர் | புதன், இரவு 9.14

ஐயா, அந்த வருசம் எங்க கடை கிடையாது. சத்தியமா.


விளாச்சேரி மகள் | புதன், இரவு 9.40

ஒரு எழுத்து விட்டுப் போச்சா... 🙏


வடக்காவணி வாசகி | வியாழன், காலை 8.15

அந்தத் தும்பிக்கை எழுத்தில்தான் நான் படித்தேன். பாடம் சொல்லித் தந்தது புதிய எழுத்தில். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என் பழைய நோட்டைப் பார்த்து, "டீச்சர், உங்க லை-க்கு ஏன் கொக்கி?" என்று கேட்பார்கள். ஐயா, உங்கள் நண்பர் பக்கம்தான் நான்.


சிம்மக்கல் டிசைனர் | வியாழன், பகல் 12.37

ஐயா இருக்கீகளா? அவசரம்.

கீழமாசி வீதியில ஒரு கடைக்குப் புது ஃபிளெக்ஸ் மாட்ட வந்திருக்கோம். இப்ப மொபைல் கவர் விக்கிறாங்க. பழைய ஃபிளெக்ஸ் ஃப்ரேமக் கழட்டுனா அதுக்குப் பின்னாடி இன்னொரு ஃப்ரேமு, அதுக்கும் பின்னாடி தகரப் போர்டு. ஆறடிக்கு ரெண்டடி இருக்கும். மேல வெயிலே படாததால கலரு அப்படியே இருக்கு. மஞ்சத் தரையில செவப்பு எழுத்து, பச்சை நிழல். 'வெற்றிலை பாக்கு மண்டி'ன்னு இருக்கு. முன்னால உரிமையாளர் பேரு. அந்த 'லை' நீங்க சொன்ன மாதிரியே ஒரே எழுத்து, முன்னால தும்பிக்கை. 'ற்றி'யில சுழி கீழ எறங்கி வாலு மாதிரி ஓடுது. பேரு கையெழுத்துன்னு எங்கயும் இல்ல, நல்லாத் தேடிட்டேன். ஓரத்துல பென்சில்ல சின்னதா ஏதோ கணக்கு மட்டும் இருக்கு, 6 இன்ட்டு 2, அப்புறம் 81-ன்னு.

படம் போட்டிருக்கேன். உங்களுதா?


தூரிகைக்காரன் | வியாழன், பகல் 12.52

என்னுது இல்ல தம்பி.

படத்தப் பேரன் பெருசாக்கிக் காட்டுனான். 'ற்றி' வாலு, அவன் கைதான். அவனத் தவிர வேற யாரும் அப்படி இறக்க மாட்டாய்ங்க. 81-ன்னா வருசம். அந்த மண்டிக்காரரு சுண்ணாம்பு டப்பா கூட ஓசி குடுக்க மாட்டாரு, கூலிக்கு ரெண்டு கவுளி வெத்தலை சேத்துக் குடுத்தாருன்னு வந்து சிரிச்சான். அந்தப் பச்சை நிழலுக்குக் கலர் கலக்கிக் குடுத்தது நானு. மஞ்சளுக்குப் பக்கத்துல அவன் கருப்பு நிழல் போடப் போனான், பச்சை போட்டா செவப்பு முன்னால வரும்னு நான்தான் சொன்னேன்.

தின்னர் போட்டுத் துடைச்சிராதப்பா. வெறும் ஈரத்துணி போதும், அதுவும் ஒத்தி எடு, தேய்க்காத.


ஊமச்சிகுளத்தான் | வியாழன், பகல் 12.58

தகரத்த என்ன செய்யப் போறாங்க? கடைக்காரர்கிட்டக் கேளு. எடைக்குப் போட்டா முந்நூறு ரூவா தேறும், நான் ஐநூறு தர்றேன்.


சிம்மக்கல் டிசைனர் | வியாழன், பகல் 1.20

கேட்டேன். அவரு மண்டிக்காரர் பேரன். எடுக்க விட மாட்டேங்கிறாரு, தாத்தா போர்டாம். ஆனா வெளிய தெரியிற மாதிரி வைக்கவும் மாட்டாராம், மொபைல் கடைக்கு வெத்தலை போர்டு எதுக்குங்கிறாரு. அதே இடத்துல இருக்கட்டும், மேல புதுசு மாட்டுங்கன்னுட்டாரு. பேசிப் பாத்தேன், நடக்கல.

ஃபாண்ட்டுக்கு எழுத்து அளவு எடுத்துக்கிறேன். தாள் வச்சு எல்லா எழுத்தையும் டிரேஸ் எடுத்துட்டிருக்கேன். பத்து எழுத்து கூடத் தேறல, மிச்சத்துக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல.


தூரிகைக்காரன் | வியாழன், பகல் 1.31

மிச்சத்த நான் எழுதுறேன். பதினேழு வருசம் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். 'ஙௌ' எப்படிப் போட்டிருப்பான்னு மட்டும் யோசிக்கணும்.

எத்தனை மணிக்கு மூடுவீங்க?


சிம்மக்கல் டிசைனர் | வியாழன், பகல் 1.33

ஆறு மணிக்கு ஃபிளெக்ஸ் ஏத்திருவோம் ஐயா. அதுக்குள்ள வாங்க. ஏணியப் போட்டே வச்சிருக்கேன்.


தூரிகைக்காரன் | வியாழன், பகல் 1.50

தாத்தாவும் நானும் பஸ் ஏறிட்டோம். நான் பேரன் எழுதுறேன். கேமரா எடுத்திருக்கேன். தாத்தா அந்த ரெண்டு பிரஷ்ஷையும் பையில போட்டிருக்காரு. எதுக்குன்னு கேட்டேன், சொல்ல மாட்டேங்கிறாரு.